தொட்டி மீனா, ஏரி மீனா

மக்கா,

விமான நிலையத்தில் எங்களை உள்ளே விடாத அந்த வாசல் வரை வந்து இந்த உறையை உன் கையில் தருவேன். "என்னப்பா இது" என்று கேட்பாய். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாயா என்று கேட்பேன். நீயும் உன் மனைவியும் பெட்டிகளைப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த பிறகு பிரித்துப் படி. படித்ததும் போன் செய்யாதே. போனில் நீ எதைச் சொன்னாலும், அதைச் சொல்லும் குரலை நான் சந்தேகப்படுவேன். நியூசிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாக எழுது. எழுத்தையும் சந்தேகப்படுவேன்தான், ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்க முடியும்.

என்னைச் சந்தேகக்காரன் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறீர்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்குத் தராசில் மாட்டிப் பார்க்கிறேன் என்று உன் அம்மா பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாள். பல் டாக்டர் காட்டிய எக்ஸ்ரேயில் என் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன் என்பதை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டியவன் நான். மீட்டர் காட்டுவதை நம்பி நாற்காலியில் சாய்ந்தவர்கள் மோட்டாரை எரித்தார்கள். நான் எழுந்து போய்க் கையை வைத்துச் சூடு பார்த்தேன், ஒரு மோட்டாரும் எரியாமல் ஓய்வு பெற்றேன். மீனும் அப்படித்தான். சந்தேகப்படாத மீன் எந்த ஏரியிலும் பெரிய மீனாவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ கல்லூரி நண்பர்களைக் கரமனையில் நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாய். மாடியில் இருக்கை போதவில்லை என்று நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. நீ மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அச்சனோடு ஆ மீனின்றெ காரியம் மாத்ரம் பறையருது." அப்பாவிடம் அந்த மீன் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே. நான் உள்ளே வந்ததும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டைப் புகழ ஆரம்பித்தார்கள். நீ எழுந்து நாற்காலியை வாங்கிக்கொண்டு, "நான் எடுக்கமாட்டேனாப்பா" என்றாய். பிறந்ததிலிருந்து நீ இந்த வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு நான் பார்த்ததில்லை. பேச்சை மாற்றுவதற்காக உன் நண்பன் ஒருவன், நியூசிலாந்தில் ஏரிக்கு ஏரி ட்ரவுட் மீனாமே, நீயும் உன் அப்பாவைப் போல் பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்டான். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "எனக்குக் கை வராதுடா. பொறுமை இல்லாதவன்னு அப்பாவே சொல்லியாச்சு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குக் கதவுக்கு வெளியே கேட்ட முதல் வாக்கியம்தான் உறுத்தியது. இரண்டாவது வாக்கியம் உறுத்த ஒரு மாதம் ஆனது.

எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசை விட்டால் நடுவில் நீ எனக்குப் பதிலாக முடிவு செய்துவிடுவாய். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான்காரரிடம் திருகாணி போட்டு வைக்க ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். நீ பிறப்பதற்கு முன்னால். மூடியின் உள்பக்கம் ஒரு துணி மடிப்பு, அதற்குள் மூன்று சிறு தூண்டில் முட்கள், அவற்றின்மேல் இறகும் நூலும் சுற்றியிருந்தது. கூடவே மடித்த ஒரு அச்சுத் தாள். ஆங்கிலம். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். குளிர்ந்த ஏரிகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் உண்டு, அது நீருக்குள் நீந்தும் பூச்சியைத் தின்னும், அந்தப் பூச்சி மாதிரி இறகில் ஓர் ஈ கட்டி மூழ்கவிட்டு இழுத்தால் அது கடிக்கும் என்று இருந்தது. எப்படிக் கட்டுவது என்று இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். மூன்றில் ஒன்றை எடுத்து பம்ப் அறையில் உட்கார்ந்து சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். எது முதலில் வந்தது, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று பின்னால் இருந்து முன்னால் எழுதிவைத்தேன். பிறகு முன்னால் இருந்து பின்னாலாகக் கட்டினேன். பெண்கள் சேலைக் கரையிலிருந்து பிரித்த கசவு என்னும் ஜரிகை இழை உடம்புக்கு, பக்கத்து வீட்டுப் பூனை உதிர்த்த வயிற்று மயிர் மார்புக்கு, கழுத்தில் கோழி இறகு.

அந்த இறகில்தான் ஏழு வருடம் ஏமாந்தேன். விதுரா சந்தையில் பளபளப்பாக இருந்த சேவல் கழுத்திறகைத் தேடித் தேடி வாங்கினேன். விறைப்பான இறகு, தண்ணீரில் ஊன்றி நின்றது. மூழ்க வேண்டிய ஈ மிதந்துகொண்டே இருந்தது. என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டேன், இன்னும் இறுக்கிக் கட்டினேன். ஒரு நாள் சேவல் கிடைக்காமல் பெட்டைக் கோழியின் மங்கலான இறகைச் சுற்றினேன். தண்ணீர் பட்டதும் அது துவண்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு மூழ்கியது. இழுத்தபோது இறகு மூடித் திறந்து, உயிருள்ள ஒன்று மூச்சு விடுவது மாதிரி இருந்தது. மின்னுகிற சாமானை நம்பி ஏழு வருடம். அதற்குப் பிறகு பளபளப்பாக வரும் எதையும், மனிதரையும் சேர்த்துத்தான், நான் இரண்டு தடவை பார்க்கிறேன். உங்கள் கல்யாணத்தில் வீடியோ எடுக்க வந்தவனை நான் அப்படிப் பார்த்தேன் என்று உனக்குக் கோபம் வந்தது. நீ தாலி கட்டும் நேரத்தில் அவன் பேட்டரி தீர்ந்து நின்றானா இல்லையா?

திருவனந்தபுரத்தில் ட்ரவுட் கிடையாது. வெள்ளாயணிக் காயலில் பரல் மீனையும் திலாப்பியாவையும் வைத்துக் கை பழகினேன். வீட்டு வாசலில் கூடையை இறக்கி மத்தி விற்கும் அம்மாவுக்கு நான் ஒரு வேடிக்கை. "சாரே, கோழித் தூவல் வச்சா மீன் பிடிக்கணது? அந்தக் கோழியத் தின்னூடாதா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். வருடத்துக்கு ஒரு தடவை மூணாறுக்கு மேலே, தேயிலைக் காட்டுக்குள் இருக்கும் அந்த ஏரிக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போவேன். பதினொரு தடவை போனேன். பக்கத்தில் மைதா உருண்டை போட்டவர்கள்கூட ஒன்றிரண்டு எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. உருண்டை போட்டுப் பார்க்கச் சொன்னார்கள், போடவில்லை.

பன்னிரண்டாவது தடவை, ஏழு வருடத்துக்கு முன்னால், நீ கூட்டிக்கொண்டு போனாய். எனக்கு ஓய்வு, உனக்கு முதல் வேலை. முந்தின நாள் சாயங்காலம் தங்கிய இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "அப்பா, நாளைக்குச் சரியா ஏழு மணிக்கு அந்தப் பலகைப் பாலத்துல நில்லுங்க. வேற எங்கயும் போகாதீங்க, கேட்டோ." மீன் எத்தனை மணிக்குச் சாப்பிடும் என்று தூண்டில் பிடிக்காத நீ எனக்குச் சொல்கிறாய். எனக்கு உடனே ஏதோ சரியில்லை என்று பட்டது. நீ தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, ஐந்தரை மணிக்கு அந்தப் பாலத்தில் போய் நின்றேன். மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை. ஈயை வீசி, பதினைந்து எண்ணும்வரை மூழ்கவிட்டு, ஒரு சாண் ஒரு சாணாக நூலை இழுத்தேன். ஏழாகும் நேரத்தில் நூல் நின்றது. வேரில் மாட்டியது மாதிரி நின்றது. பிறகு வேர் ஓட ஆரம்பித்தது.

நீ ஓடி வந்தபோது மீன் பலகைமேல் கிடந்தது. முழங்கை நீளம், பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு. உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முதலில் மீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. சீட்டுக் கொடுக்கும் கொட்டகைப் பக்கம் நின்ற காவலாளியைப் பார்த்தாய். பிறகுதான் கத்தினாய். படம் எடுத்தாய். நான் முட்களை எடுத்து வைத்துவிட்டு வருவதற்குள் எங்கேயோ போய்த் திரும்பினாய். திரும்பும்போது உன் புது நீலக் கோட்டு இல்லை. அந்தக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினாய். கேட்டதற்கு டீக்கடையில் மறந்துவிட்டேன் என்றாய். போய் எடுத்து வா என்றேன். "போட்டும்பா, பழசுதான்" என்றாய். வாங்கி நாலு நாள் ஆகாத கோட்டு.

அந்த ஏரிக்கரையிலேயே மீன் வளர்க்கும் சிமெண்டுத் தொட்டிகள் உண்டு, உனக்குத் தெரியும். தொட்டியில் வளர்ந்த மீன் சுவரில் உரசி உரசி அதன் வாலும் துடுப்பும் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும். ஏரியிலேயே வளர்ந்த மீனின் வால் வெட்டிய துணி மாதிரி ஓரம் நேராக இருக்கும். இதை நான் பின்னால்தான் படித்தேன். அதற்குள் அந்த வாலைத் தின்றாகிவிட்டது. டீக்கடை அம்மா பொரித்துக் கொடுத்ததில் தலையும் வாலும் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றதும் நான்தான். மிச்சம் இருந்தது நீ எடுத்த படம். அதை நீ பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாய். ஏழு வருடத்தில் எத்தனை தடவை பூதக்கண்ணாடியோடு அதன் முன்னால் நின்றிருக்கிறேன் என்று உன் அம்மாவைக் கேட்டுப் பார். மீனை நான் இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறேன். என் வலது கைப் பெருவிரல் வாலை மறைத்துக்கொண்டிருக்கிறது.

யோசித்துப் பார், மக்கா. வாழ்க்கையில் நான் யாரிடமும் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். வேலை, வீட்டுக் கடன், உன் காலேஜ் சீட்டு எல்லாவற்றுக்கும் யாருடைய வாசலிலாவது நின்றிருக்கிறேன். அந்த மீன் மட்டும்தான் யாருடைய தயவும் இல்லாமல் வந்தது என்று இருந்தேன். அதுவும் ஒருவர் வாளியில் கொண்டுவந்து விட்ட மீன் என்றால், நான் எதைப் பிடித்தேன்? வந்தவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டுகிறேன், நீ பின்னால் நின்று தலையாட்டுகிறாய். ஏழு வருடம் உன் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் நீ சொன்ன வாக்கியம் கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை.

போன வாரம் பெட்டைக் கோழி இறகு வாங்க விதுரா போகிறேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு மூணாறு பஸ் ஏறினேன். இரண்டு நாள் ஆனதற்கு, வழியில் பழைய வேலைக்கூட்டாளி வீட்டில் தங்கினேன் என்று இன்னொரு பொய். காவலாளி அங்கேயேதான் இருந்தார். மாடசாமி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது முன்பல் இரண்டு இல்லை. என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். கொட்டகையை விட்டு வெளியே வந்து, "ஐயா, நீங்க கோழி றெக்கை ஐயாதானே?" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன்: என் மகன் உங்களிடம் என்ன சொன்னான், நீங்கள் என்ன செய்தீர்கள்?

அவர் தொட்டிகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். பிறகு சொன்னார். நீ முந்தின நாள் வந்து கேட்டாயாம், தொட்டியிலிருந்து பசியோடு இருக்கும் நாலு பெரிய மீனை எடுத்து, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாலத்துக்குப் பக்கத்தில் விடச் சொன்னாயாம். பதினொரு வருடமாக வெறுங்கையோடு திரும்புகிறார், இந்த ஒரு தடவை என்று கெஞ்சினாயாம். அவர் முதலில் முடியாது என்றாராம். நீ விடவில்லையாம். மாடியில் என் காதில் விழுந்தது சரியாகத்தான் இருந்தது, மக்கா. நான் ஒன்றும் கற்பனை செய்யவில்லை. அவர் மேலே பேசுவதற்குள் நான் கிளம்பத் திரும்பினேன்.

"நில்லுங்க ஐயா. முழுசாக் கேளுங்க. நான் வாளியத் தூக்கிட்டு ஆறே முக்காலுக்கு வந்தேன். பாலத்து மேல நீங்க நிக்கிறீங்க."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஏழு மணிக்கு வருவாருன்னு தம்பி சொன்னாரு. நீங்க எப்பவோ வந்து நிக்கிறீங்க. உங்க கண்ணு முன்னாடி எப்படி ஐயா கவுக்க முடியும்? பனிக்குள்ள அப்படியே பின்னால போயிட்டேன். மீனத் திரும்பத் தொட்டியிலயே விட்டேன். திரும்பி வந்து பாத்தா நீங்க ஒண்ணு மாட்டி இழுத்துக்கிட்டு இருக்கீங்க."

நான் உடனே நம்பவில்லை. எந்தத் தொட்டி, நாலு மீனில் ஒன்றாவது துள்ளி விழுந்ததா, வாளி எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று பம்ப் அறைப் புத்தகத்தில் எழுதுவது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு ஏன் என் மகனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்க ஐயா சொல்ல விட்டாரு? ஓடி வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. கோட்டக் கழட்டி என் தோள்ல போட்டுட்டாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் செய்யலன்னு எப்படிச் சொல்ல?" கொட்டகைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே உன் நீலக் கோட்டு. "செய்யாத வேலைக்கு வந்த சாமான். உடுத்த மனசு வரல. நீங்க கொண்டு போயிடுங்க."

அவர் வார்த்தையை நான் இன்றைக்கும் முழுதாக நம்புவேனோ என்னவோ. கோட்டை நம்பினேன். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது, கழுத்துப் பட்டையில் அழுக்கில்லை, கைமுட்டியில் தேய்வில்லை. அந்த மலையில், அந்தக் கொட்டகையில், வேலையைச் செய்துவிட்டுக் கூலியாகக் கோட்டு வாங்கிய மனிதன் ஏழு குளிர்காலம் அதைப் பைக்குள் வைத்திருக்கமாட்டான். அவருடைய சட்டைக்கு மேல் கிழிந்த சாக்குத் துணி இருந்தது. கோட்டை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்று என் கையில் திணித்துவிட்டார். என் தோளில் கிடந்த கம்பளியைக் கழற்றிக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்.

ஆகவே அது ஏரி மீன். நீ தொட்டி மீன் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். தவறு. நீ சொன்ன ஏழு மணியை நான் நம்பியிருந்தால் அது தொட்டி மீனாகத்தான் இருந்திருக்கும். நம்பாமல் ஐந்தரைக்குப் போனதால் அது என் மீன். இதை உன் நண்பர்கள் ஐந்து பேருக்கும் நீ எழுதித் தெரிவிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அடிமாலி வரைக்கும் எனக்கு நல்ல சந்தோஷம். கோட்டு மடியில் இருந்தது. அதற்கப்புறம், ஒரு இருபத்து நாலு வயதுப் பையன் தன் அப்பாவுக்கு ஒரு மீன் கிடைக்கவேண்டும் என்று முன்பின் தெரியாத மனிதனிடம் கெஞ்சி, கோட்டைக் கழற்றிக் கொடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு பொய் சொன்னதை யோசித்தேன். உன்மேல் கோபப்படக் காரணம் தேடினேன். தேடும்போதுதான் நீ சொன்ன இரண்டாவது வாக்கியம் வந்தது. எனக்குக் கை வராது, பொறுமை இல்லாதவன் என்று அப்பாவே சொல்லியாச்சு.

உனக்கு எட்டு வயது. வெள்ளாயணியில் நான் வீசியபோது பின்னால் போன முள் உன் காதுமடலில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நீ அழவில்லை. உன் அம்மாதான் அழுதாள். "இனி பிள்ளைக்க கையில முள்ளு இருக்கப்பிடாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் செய்யுங்கோ" என்றாள். செய்தேன். நீயோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாய். நீ இல்லாமல் காயலுக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை, மக்கா. வேறு காரணம் எதுவும் இல்லை. உனக்கென்று கட்டிய ஈக்களில் இடுக்கியால் முள்ளின் நுனியை மட்டும் நறுக்கிவிட்டேன். வளைவு இருந்தது, இறகு அதை மூடியிருந்தது, குத்தும் நுனி மட்டும் இல்லை. நீ தொடாதே, குத்தும், நானே கட்டித் தருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் நானே உன் நூலில் கட்டினேன்.

இரண்டு வருடம். மீன் உன் ஈயைக் கடித்தது. என் ஈயைவிட அதிகமாகவே கடித்தது. உன் கை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சரியாக இழுத்தது. ஒவ்வொரு தடவையும் நீ, "இழுத்துச்சுப்பா, விட்டுட்டுப் போயிடுச்சு" என்பாய். அது ஏன் விடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "அவசரப்படுறே. பொறுமை இல்ல உனக்கு." முதல் தடவை வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு அது பழகிவிட்டது. பத்து வயதில் ஒரு நாள் நீ கம்பைக் காயல் கரையில் வைத்துவிட்டு, எனக்குக் கை வராதுப்பா என்றாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன், உனக்குத் தெரிந்தால் அதைவிட மோசம் என்று பயந்தேன். சொல்லாமல் விட்டதோடு நிறுத்தவும் இல்லை. கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தபோது அதே வார்த்தை. முதல் வேலையை விட்டபோது அதே வார்த்தை. கல்யாணத்தன்று உன் மாமனாரிடம், பையன் நல்லவன், பொறுமைதான் கிடையாது என்றேன். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். நான் கட்டிய பொய்யை நீ முப்பத்தொரு வயது வரை உன் குணம் என்று நினைத்துச் சுமந்திருக்கிறாய். எல்லாரையும் சந்தேகப்படும் இந்த வீட்டில் நீ ஒருவன்தான் யாரையும் சந்தேகப்படவில்லை. அப்பா கட்டிக் கொடுத்த ஈயைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

மன்னிப்பு என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், உன் சுபாவம் அது. அதனால் எழுதவில்லை. கொஞ்ச நாள் கோபமாக இரு. உன் அம்மாவிடம் நான் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, காப்பி மட்டும் வந்தது. உன் மாமனாருக்கும் எழுதுவேன். உன் மனைவி இதைப் படிக்கலாம். உனக்குப் பொறுமை இல்லை என்று அவள் எப்போதாவது சொன்னால், அது என்னிடமிருந்து கேட்டதா, தானே பார்த்ததா என்று கேட்டுக்கொள்.

உன் பெரிய பெட்டியின் அடியில் அந்த நீலக் கோட்டு இருக்கிறது. எடை கூடுகிறது என்று மோர்மிளகாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து வெளியே வைத்தேன், அதற்கும் என்னைத் திட்டு. கோட்டின் உள்பையில் ஒரு மருந்து டப்பா. அதில் பன்னிரண்டு ஈ, இந்த வாரம் கட்டியவை. பெட்டைக் கோழி இறகு, கழுத்தில் இரண்டே சுற்று. மூன்று சுற்றினால் கனத்துப்போகும். பதினைந்து எண்ணும்வரை மூழ்கவிடு. ஒரு சாண் ஒரு சாணாக இழு, அது உனக்குச் சொல்லித் தர வேண்டாம். அந்த ஊரில் இறகு கொண்டுவந்தால் இறங்கும் இடத்தில் கேட்பார்களாம். கொடுக்கும் தாளில் இறகு இருக்கிறது என்று எழுதிக் கொடு. பிடுங்கிக்கொண்டால் பிடுங்கிக்கொள்ளட்டும், வேறு கட்டி அனுப்புகிறேன். மறைத்துக் கொண்டுபோகாதே.

பன்னிரண்டு முள்ளும் முழுசாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் என் இடது கைப் பெருவிரலில் குத்திப் பார்த்துத்தான் டப்பாவில் வைத்தேன். ஆனால் நான் அப்படிச் சொன்னேன் என்பதற்காக நூலில் கட்டிவிடாதே. முதலில் உன் விரலில் குத்திப் பார்.

அப்பா